பின்சக்கரத்துக்கு ஒரு நியாயம்

அந்தப் பேனரை ஏன் தம்பி அப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குற? பஸ் ஸ்டாண்டு தாண்டியாச்சு, விடு. வெள்ளை உடுப்பப் போட்டுக்கிட்டு, ஹெல்மெட்ட அக்குள்ள இடுக்கிக்கிட்டு, 'விண்வெளி வீரரே வருக'ன்னு எழுதி, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறானே செல்வப்பாண்டி, அவன் என் மகன். கண்ணை விரிக்காத. மூக்கைப் பாரு, என் மூக்கைப் பாரு. ஒண்ணுதானே? ம்.

இன்னைக்குத்தான் வத்தலக்குண்டுல அவனுக்குப் பாராட்டு விழா. மந்திரி வர்றாரு, கலெக்டர் வர்றாரு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள காலைலேர்ந்து வெயில்ல வரிசையா நிப்பாட்டி வச்சிருக்காய்ங்க. பெத்த அப்பன் நான் கம்பத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். ஏன்னு கேளு.

கேக்க மாட்டேங்கிற. மரியாதைப்பட்ட வீட்டுப் பிள்ளை போல. பரவாயில்ல, நானே சொல்றேன்.

'அப்பா வராம மேடை ஏற மாட்டேன்'னு அவங்கம்மாகிட்டச் சொல்லி விட்டிருக்கான். ஏறாத! உன்ன யாரு ஏறச் சொன்னது? மேடை என்ன, அவன் ராக்கெட்டே ஏறுனவன், நான் இருந்தா ஏறுனான்? அவன் முகத்துல இனி முழிக்க மாட்டேன்னு நான் சொல்லி எத்தன மாசமாச்சு. சொன்னாச் சொன்னதுதான். கம்பத்துல என் தங்கச்சி இருக்கா. விழா முடிஞ்சு, மாலையெல்லாம் வாடி, அவன் பெங்களூருக்கு வண்டி ஏறுன பெறகுதான் நான் ஊர் திரும்புவேன். பேச்சியம்மா, என் வீட்டுக்காரி, வாசப்படி வரைக்கும் வந்து கையப் பிடிச்சு இழுத்தா. உதறிட்டு வந்துட்டேன். நான் கோவக்காரன் இல்ல தம்பி. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

யோவ் டிரைவர், வண்டி உறுமுதுய்யா! கியரை மாத்து! பாரு, என்னைத் திரும்பிப் பாத்து முறைக்கிறான். ரோட்டைப் பாருய்யா, என்னை எதுக்குப் பாக்குற?

நான் சங்கிலி. டிரைவர் சங்கிலின்னா இந்த ரூட்டுல தெரியாத ஆளில்ல. அந்தா வலது பக்கம் பிரியுது பாரு மலை ரோடு, காட்ரோடு முக்குலேர்ந்து கொடைக்கானல் வரைக்கும், அதுலதான் என் ஆயுசு போச்சு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். பனி இறங்கிருச்சுன்னா முன்சக்கரம் எங்க இருக்குன்னே தெரியாது. அப்படி ரோட்டுல ஒரு தடவைகூட வண்டிய உரசுனதில்ல நான். எப்படி? சக்கரத்துக்கு மரியாதை குடுத்தேன். தினமும் காலைல வண்டிய எடுக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு டயரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் ஏறுவேன். ஆயுத பூசைக்கு வண்டியக் குளிப்பாட்டி, சந்தனம் வச்சு, வாழை கட்டி, நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி எடுத்தா, என் வண்டி டிப்போவுலயே தனியாத் தெரியும். அந்தச் சந்தனம் வண்டிக்குத்தான்னு பேச்சியம்மாகூடப் பங்கு கேக்க மாட்டா.

என் மகன் விமானப் படைக்குப் போனான். சண்டை விமானம். ஒத்த ஆளு ஓட்டுற வண்டி தம்பி அது. கண்டக்டர் கிடையாது, கிளீனர் கிடையாது, விசிலடிச்சு நிறுத்தச் சொல்ல ஒருத்தன் கிடையாது. அவனே எடுக்கணும், அவனே இறக்கணும். அதுதான் டிரைவர்! அவங்கம்மா அழுதா, 'வேண்டாம்டா சாமி'ன்னா. நான் ஒரு வார்த்தை தடுத்தேனா? இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி அனுப்புனேன். 'விமானத்துக்கும் சக்கரம் இருக்குல்ல? அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டு ஏறு.'

கும்பிட்டான் தம்பி! ஒரு லீவுல வரும்போது போட்டோ கொண்டு வந்தான். அம்மாம்பெரிய விமானத்துக்குக் கீழ குனிஞ்சு, டயர்ல கைய வச்சு நிக்கிறான். கூட இருக்கிற வடக்கத்தி ஆளுங்க சிரிச்சாய்ங்களாம். 'சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கப்பா, நீங்க சொன்னதுதான்'னான். அந்தப் போட்டோவை டிப்போவுல நான் காட்டாத ஆளில்ல. மேனேஜர் ரூம் வரைக்கும் போச்சு. அப்ப என் நடையே வேற.

கெட்டது எங்கன்னு சொல்றேன் கேளு.

ஒரு நாள் போன் பண்ணுனான். 'அப்பா, விண்வெளிக்குப் போக என்னத் தேர்வு பண்ணிட்டாங்க. ரஷ்யாவுல பயிற்சி'ன்னான். அம்புட்டுச் சந்தோசம் அவனுக்கு. நான் கேட்டேன், 'யாரு ஓட்டுறது?'

அவன் சொல்றான், 'பெரும்பாலும் அதுவே போகும்ப்பா. கீழேயிருந்து பாத்துக்குவாங்க. ரஷ்யாக்காரர் ஒருத்தர் கேப்டன்.' அப்ப நீ எதுக்குடான்னேன். 'நான் பக்கத்துல இருந்து எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டு இருப்பேன்'கிறான். அதுக்குப் பேரு என்ன தம்பி? எங்க லைன்ல அதுக்குப் பேரு கிளீனர்! சண்டை விமானம் ஓட்டுனவன் கிளீனராப் போறான்னு ஊரு பூரா வெடி போடுறாய்ங்க. எனக்கு வந்த எரிச்சலுக்கு அன்னைக்கு ராத்திரிச் சோறு இறங்கல. பேச்சியம்மா என்னமோ நான் பெருமையில சாப்பிடாம இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு அடுத்த வீட்டுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கா.

போனான். பனிக்குள்ள கொண்டு போய்ப் போட்டாய்ங்க. ராட்டினத்துல வச்சுச் சுத்துனாய்ங்களாம், தண்ணிக்குள்ள முக்குனாய்ங்களாம். அவங்க பாஷையப் படிச்சான். வருசக்கணக்கா. அங்கிருந்து போன் பண்ணி, 'அப்பா, இன்னைக்கு இதச் செஞ்சேன், அதச் செஞ்சேன்'பான். நான் 'சரி, ஒடம்பப் பாத்துக்க'ன்னு சொல்லி அவங்கம்மாகிட்டக் குடுத்துருவேன். வேற என்ன பேசுறது? ஓட்டாத வண்டியப் பத்தி என்னத்தக் கேக்குறது?

ராக்கெட்டு கிளம்புன அன்னைக்குக் கல்யாண மண்டபத்துல பெரிய திரை கட்டி ஊரே பாத்துச்சு. நெருப்புக் கக்கிக்கிட்டுப் போச்சு. எல்லாரும் கை தட்டுறாய்ங்க. நான் நாற்காலிக் கைப்பிடிய விடல. நாற்காலி கொஞ்சம் ஆடுச்சு, அதான்.

மேல பல மாசம் இருந்தான். அப்புறம் இறங்குற நாள். அன்னைக்குத்தான் தம்பி, டிவில பேசிக்கிட்டு இருந்த ஆளு பேச்சை நிறுத்திட்டாரு. இறங்குற பெட்டி பாதை மாறிருச்சாம். குறிச்ச இடத்துல காணோம். சத்தமும் இல்ல, சிக்னலும் இல்ல. எங்க விழுந்துச்சுன்னு தேடுறோம்கிறாய்ங்க. அன்னைக்கும் ஊரே அந்த மண்டபத்துலதான். பேச்சியம்மா அப்படியே தரையில உக்காந்து மண்டையில அடிச்சுக்கிறா. ஆம்பளைங்கள்லாம் என் முகத்தையே பாக்குறாய்ங்க.

நான்? நான் டிப்போவுக்குப் போயிட்டேன். சும்மாதான். மண்டபத்துல ஒரே கூட்டம், மூச்சு முட்டுச்சு. டிப்போவுல மதிய நேரம், வண்டியெல்லாம் வரிசையா நிக்குது. ஒவ்வொரு வண்டியா, ஒவ்வொரு சக்கரமாக் குனிஞ்சு தொட்டுப் பாத்தேன், காத்து இருக்கான்னு. ரிட்டையர் ஆனவனுக்கு அங்க என்ன வேலைன்னு கேக்காத. பழக்கம். வாட்ச்மேன் முத்திருளன் பின்னாடியே வந்து, 'அண்ணே, டயரத் தொட்டுத் தொட்டு என்னண்ணே முணுமுணுக்கிறீய'ன்னான். கண்ணுல கிரீஸ் வேற பட்டுத் தொலைச்சுருச்சு, தண்ணியாக் கொட்டுது, இவன் வேற நொய்நொய்னு. போடா அங்கிட்டுன்னேன். கடைசி வண்டிக்குப் போகும்போது முட்டி ரெண்டும் தேஞ்சு ரத்தம். சிமெண்டுத் தரை.

அங்க இருக்கும்போதுதான் சேதி வந்துச்சு. எங்கேயோ புல்வெளியில ஆடு மேய்க்கிறவங்க பாத்திருக்காங்க. பெட்டிக்குள்ள இருந்த மூணு பேரும் உசிரோட இருக்காங்கன்னு. முத்திருளன் ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். சரி சரி, விடுடான்னுட்டு வீட்டுக்குப் போய்க் குளிச்சேன்.

இப்ப அவனுக்குச் சக்கரத்து மேல நன்றின்னு ஏதாச்சும் இருக்கணும்ல? என்ன செஞ்சான் தெரியுமா?

ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போது நம்ம தமிழ் டிவிக்காரப் பிள்ளை ஒண்ணு பேட்டி எடுத்துச்சு. நான் டிப்போவுக்கு எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்திருக்கேன். சுத்தி அம்புட்டுப் பேரும் டிரைவருங்க. 'என் மகன் பேசுறான்'னு நான்தான் சத்தத்தக் கூட்டி வைக்கச் சொன்னேன். அந்தப் பிள்ளை கேக்குது, 'ராக்கெட்டுல ஏறுறதுக்கு முன்னாடி ஏதாவது சுவாரசியமான வழக்கம் உண்டா சார்?' இவன் சிரிக்கிறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்.

ராக்கெட்டு நிக்கிற இடத்துக்கு அவங்கள பஸ்ல கூட்டிட்டுப் போவாய்ங்களாம். முதமுதல்ல விண்வெளிக்குப் போன ஆளு, வழியில அவசரம்னு பஸ்ஸ நிறுத்தச் சொல்லி, இறங்கி, வலது பக்கப் பின்சக்கரத்துல ஒண்ணுக்குப் போனானாம். அவன் நல்லபடியாத் திரும்பி வந்துட்டானாம். அதனால அதுக்கப்புறம் போற ஆம்பளைங்கள்லாம் அதே மாதிரி பஸ்ஸ நிறுத்தி, அதே பின்சக்கரத்துல… 'நீங்களுமா சார்?'னு கேக்குது அந்தப் பிள்ளை. 'ஆமா, நானும்தான்'கிறான். டிவில! உலகம் பூரா பாக்க!

பஸ் சக்கரம் தம்பி. பஸ்ஸு!

டீக்கடையில இருந்த குருவையான்னு ஒருத்தன், எனக்கு ஜூனியரு, ரிவர்ஸ் எடுக்கவே என்கிட்டக் கத்துக்கிட்டவன், அவன் சொல்றான், 'சங்கிலியண்ணே, அடுத்த ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழம் வாங்குற வேலையே இல்லண்ணே.' கடையே சிரிச்சுச்சு. டீ கிளாஸைத் தூக்கி அடிச்சேன். அதோட சரி, அந்தக் கடைப் பக்கம் போறதில்ல. எந்தக் கடைப் பக்கமும் போறதில்ல.

நீயே சொல்லு. அது பொட்டல்காடாம். கண்ணுக்கெட்டுன வரைக்கும் ஒரு மரம் கிடையாதாம். அம்புட்டு இடம் கிடக்குல்ல? நாலடி தள்ளிப் போனா என்ன? சரி, அவங்க ஊர் வழக்கம், ரஷ்யாக்காரன் போகட்டும். நீ யாரு? நீ தின்ன சோறு எங்கேயிருந்து வந்துச்சு? நீ படிச்ச படிப்பு? எல்லாம் அந்தப் பின்சக்கரம் உருண்டு உருண்டு கொண்டு வந்ததுடா! அந்த பஸ்ஸ ஓட்டிட்டு வந்த டிரைவர் முகத்த யாராச்சும் டிவில காமிச்சாங்களா? அவனும் காலைல எந்திரிச்சு வண்டியக் கழுவித் தொடைச்சுக் கொண்டு வந்திருப்பான்ல? இவிய்ங்க ஏறிப் போனதுக்கப்புறம் யாரு தம்பி அந்தச் சக்கரத்தக் கழுவுனது? அவன்தானே!

பேச்சியம்மா சொல்றா, 'கூட வந்தவங்க எல்லாம் செய்யும்போது இவன் மட்டும் ஒதுங்கி நின்னா நல்லாவா இருக்கும்'னு. நல்லா இருந்திருக்கும்! ரொம்ப நல்லா இருந்திருக்கும்! ஒரு நாள் போன்ல, ஸ்பீக்கர்ல போட்டு எனக்குக் கேக்குற மாதிரி அவனே சொல்றான், 'அப்பா, நம்ம பூசணிக்காய் உடைக்கிறதில்லையா, அது மாதிரிதான்ப்பா. திரும்பி வரணும்னுதான் எல்லாரும் செய்யிறது. நானும் திரும்பி வரணும்னுதான் நெனச்சேன்'னு. பூசணிக்காயும் இதுவும் ஒண்ணாடா? நான் போனை வாங்கவே இல்ல. எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

சக்கரம் சும்மா விடுமா? விடல.

உனக்குத் தெரியாது. பேனர்ல போட மாட்டாய்ங்க. அந்தப் பெட்டி விழுந்த விழுகையில அவனுக்கு முதுகெலும்புல அடி. ரொம்ப நேரம் நிக்க முடியாது, குனிய முடியாது. இனிமே சண்டை விமானத்துல ஏறவே கூடாதுன்னு டாக்டருங்க முடிவாச் சொல்லிட்டாங்க. ஏறவே கூடாது. பெங்களூர்ல ஒரு ஆபீஸு, சுழல் நாற்காலி, முன்னாடி கம்ப்யூட்டரு. எங்க டிப்போவுல இதுக்கு லைட் டூட்டின்னு பேரு. கண்ணு மங்குன டிரைவர், காலு போன டிரைவர், இவங்களத்தான் போடுவாய்ங்க. டிப்போ வாசல் பக்கத்துல உக்காந்து, மத்தவன் வண்டி எடுத்துட்டுப் போறதப் பாத்துக்கிட்டு இருப்பான். பாத்திருக்கேன் நான். வண்டிச் சத்தம் கேட்டா அவன் வலது காலு தானா அமுக்கும், தரையில. என் மகனுக்கு அந்த வயசா தம்பி? தலைல ஒரு நரை இல்ல.

எல்லாரும் கை தட்டுறாய்ங்க. மந்திரி பொன்னாடை போத்த வர்றாரு. டேய், ஓட்டுறவன ஓட்ட விடாமப் பண்ணிட்டு, எதுக்குடா மாலை? ஒருத்தன், ஒரே ஒருத்தன் அதக் கேக்குறானா? அவனும் பேனர்ல சிரிச்சுக்கிட்டே நிக்கிறான். அதத்தான் என்னால தாங்க முடியல. அழுடா! என்கிட்ட வந்து, 'அப்பா, என் வண்டி போயிருச்சுப்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டா!

எப்படிச் சொல்லுவான்னு கேக்குறியா? நான் போனை எடுத்தாத்தானே சொல்லுவான்கிறியா? உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சின்னப் பையன். குறுக்க பேசாத.

சக்கரத்தப் பத்தித்தான் பேச்சு. அத விட்டுட்டு எங்கேயோ போயிட்டேன்.

தேவதானப்பட்டி வந்துருச்சா? என்ன சைரன் அது? பின்னாடி பாரு. போலீஸ் வண்டி, அதுக்குப் பின்னாடியே ஒரு காரு. எவனோ பெரிய மனுசன் போறான், மத்தவன் ஒதுங்கணும். ஒதுங்காதய்யா, நேராப் போ! கவர்மெண்டு பஸ்ஸு, நமக்கும் உரிமை இருக்கு. பாரு, முந்தி வந்து குறுக்க நிறுத்துறான். இதுதான் ஓட்டுற லட்சணமா? நான் மட்டும் அந்த சீட்டுல இருந்திருந்தா…

யாரோ இறங்குறாங்க. காரோட கதவைப் பிடிச்சுக்கிட்டு இறங்குறதப் பாரு, கிழவன் மாதிரி.

திரும்பாத. தம்பி, அந்தப் பக்கம் திரும்பாத. ஜன்னலப் பாரு. நாம பேசிக்கிட்டு இருக்கோம்ல, பேசிக்கிட்டே இருப்போம். உனக்கு எந்த ஊரு? சின்னமனூரா? நல்ல ஊரு. நல்ல தண்ணி.

எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாய்ங்க, போனைத் தூக்கிக்கிட்டு. உக்காருங்கய்யா, வேடிக்கையா காட்டுறாங்க இங்க? நீயும் போனை உள்ள வை.

என்ன சொல்றான்? 'அப்பா'ங்கிறானா? எனக்குக் காது கேக்கல. விழாவுல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க, போகச் சொல்லு அவனை. நீ சொல்லு தம்பி, நான் பேச மாட்டேன். மந்திரியக் காக்க வச்சுட்டு பஸ்ல ஏறுறான், கிறுக்குப் பய. கண்டக்டர்கிட்ட என்ன கேக்குறான்? கம்பத்துக்கா டிக்கெட்டு? எதுக்கு அவனுக்குக் கம்பம்? என் தங்கச்சி வீட்டுக்கு நான் போறேன், இவன் எதுக்கு வர்றான்?

யோவ் கண்டக்டர், அவனுக்கு டிக்கெட் குடுக்காதய்யா. குடுத்துட்டான். விசிலும் அடிச்சுட்டான். போலீஸ்காரங்க முழிக்கிறதப் பாரு ரோட்டுல.

அந்தம்மா எந்திரிச்சு இடம் குடுக்குது, வேண்டாங்கிறான். அந்தப் பெரியவர் எந்திரிக்கிறாரு, அதுவும் வேண்டாங்கிறான். வந்து இங்க நிக்கிறான், என் தோளுக்குப் பக்கத்துல, கம்பியப் பிடிச்சுக்கிட்டு. எப்பவும் அவன் இப்படித்தான், வீம்பு. யாரு மாதிரின்னு தெரியல. அவங்கம்மா வழியா இருக்கும். நிக்கட்டும். கம்பம் வரைக்கும் நிக்கட்டும், அப்பத்தான் தெரியும். நான் பாக்கல. ஜன்னலைத்தான் பாக்குறேன். இன்னொரு கையால முதுகப் பிடிச்சுக்கிறான்.

டேய் டிரைவர்! கண்ணு அவிஞ்சு போச்சாடா? வேகத்தடைல இப்படியாடா ஏத்துவ? நின்னுக்கிட்டு வர்றவனுக்கு முதுகெலும்புல அடிடா! மெதுவாப் போடா! முள்ளு மேல போற மாதிரிப் போ! இல்ல, எந்திரிச்சு வந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிருவேன்!

எந்திரி தம்பி. உன்னத்தான். பையை எடுத்துக்கிட்டு அப்படிப் பின்னாடி போ, அவன் உக்காரட்டும். சமாதானமெல்லாம் ஒண்ணும் இல்ல, சிரிக்காத. கம்பம் ரொம்ப தூரம் இருக்கு. நான் என் மகன்கூடச் சண்டை போடணும்.